கட்டைகளின் பழுது: உப்புக்காற்று வீசும் ஊர்களில் கீபோர்டு வொர்க்ஸ்டேஷனைச் சீர்செய்தல்

ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர், தாளக் கருவிகளின் ஒலித்தொகுப்பு, வாசித்ததைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் சீக்வென்சர், எதிரொலி முதலிய மெருகூட்டும் வசதிகள் ஆகிய யாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய கீபோர்டையே வொர்க்ஸ்டேஷன் என்று குறிப்பிடுவர். 1988இல் வெளிவந்த கோர்க் எம்1 இவ்வகைக் கருவிக்கு நிலையான ஒரு வடிவத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. தாமிரவருணிக் கரையிலும் அதன் கிழக்கே உள்ள கடலோரத்திலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் கோயில் கொடைக் கச்சேரியிலும் ஹார்மோனியம் இருந்த இடத்தில் இன்று இக்கருவியோ இதனினும் எளிய அரேஞ்சர் கீபோர்டோ அமர்ந்திருக்கிறது. இவற்றில் ஏற்படும் பழுதுகளில் மிகுதியாகக் காணப்படுவது, விரலால் அழுத்தும் கட்டைகள் ஒலிக்காமல் போவது, அல்லது தாறுமாறாக ஒலிப்பது. கட்டையே உடைந்துவிட்டது என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்வதும், உள்ளே போர்டு போய்விட்டது என்று கடைக்காரர் கூறுவதும் வழக்கமாக இருந்தாலும், பெரும்பாலான சமயங்களில் குறை இவ்விரண்டுக்கும் நடுவே, கட்டைக்குக் கீழே உள்ள ரப்பர் பட்டைக்கும் மின்தடங்கள் அச்சிட்ட பலகைக்கும் இடையில் படிந்த அழுக்கிலேயே இருக்கும். பட்டை உலரும் நேரம் நீங்கலாக, அதைத் துடைத்துச் சரிசெய்ய அரை நாள் போதும்.

ஸ்ரீவைகுண்டத்தை மையமாகக் கொண்ட பகுதியில் அந்த அழுக்கின் இயல்பு வேறு ஊர்களில் காணப்படுவதிலிருந்து மாறுபடுகிறது என்பதைக் கருதியே இவ்வியல் தனியாக எழுதப்படுகிறது. ஸ்ரீவைகுண்டம் கடலோர ஊர் இல்லை; ஆற்றின் வடகரையில் வயலும் வாழையும் சூழ அமைந்தது. ஆயினும் அங்குள்ள கருவிகள் புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று கடலை ஒட்டிய ஊர்களின் திருவிழா மேடைகளில் இரவெல்லாம் திறந்தவெளியில் கிடந்துவிட்டு விடியற்காலையில் ஊர் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் கருவிக்குள் கடற்காற்றில் மிதந்துவந்த நுண்ணிய உப்பும் நுழைந்திருக்கும். சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டு அளவிலேயே கசிந்துவிடும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பை வாரிய பின் தங்கும் கசப்பு நீரில் மிகுந்திருப்பதும் இந்த மெக்னீசிய உப்பே ஆகும். ஆகவே, இப்பகுதியில் கருவிக்குள் ஒருமுறை உப்பு புகுந்துவிட்டால் அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈரமாகவே கிடந்து, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டும், பிரிந்திருக்க வேண்டிய இரு தடங்களைத் தொட்டும் தொடாமலும் இணைத்துக்கொண்டும் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது குதிரைமொழித் தேரியிலிருந்து கிளம்பும் செம்மணல் தூசி, கொடை விழா மேடையில் தூவும் திருநீறு, மஞ்சள், குங்குமம், தேவாலயத்தில் உருகிச் சொட்டும் மெழுகு ஆகியனவும் கட்டைகளின் இடுக்கு வழியாக உள்ளே சேர்கின்றன. இவை யாவும் ஒன்றோடொன்று கலந்து ஈர உப்பில் ஒட்டிக்கொள்வதால், வெறும் தூசியை ஊதித் தள்ளுவதுபோல் இவற்றை ஊதி அகற்ற இயலாது.

கட்டை இயங்கும் முறை

ஒரு கட்டையை அழுத்தும்போது உள்ளே நடப்பதை அறிந்துகொண்டால் பழுதின் காரணத்தைப் பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம். கட்டையின் கீழே சிலிக்கன் ரப்பரால் ஆன நீண்ட பட்டை ஒன்று கிடக்கும். ஓர் எண்மத்துக்கு, அதாவது பன்னிரண்டு கட்டைகளுக்கு, ஒரு பட்டை என்ற அளவில் அது பெரும்பாலும் வார்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அப்பட்டையில் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழின் உள்முகட்டிலும் மின்சாரத்தைக் கடத்தும் கறுப்பு நிறக் கார்பன் பொட்டு ஒன்று பதிந்திருக்கும். பட்டைக்கு அடியில் உள்ள பலகையில், இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துவைத்தாற்போல், ஒன்றையொன்று தொடாத இரண்டு தடங்கள் ஒவ்வொரு பொட்டுக்கும் நேரே அச்சிடப்பட்டிருக்கும். குமிழ் அமுங்கிப் பொட்டு அத்தடங்களின் மேல் படும்போது இரண்டும் இணைந்து மின்சுற்று முழுமை அடைகிறது.

ஒரு கட்டைக்கு இரண்டு குமிழ்கள் இருப்பது விரலின் வேகத்தை அளப்பதற்காகவே. இரண்டில் ஒன்று சற்று முன்னதாகவும் மற்றது சற்றுப் பின்னதாகவும் பலகையைத் தொடும்படி அவை அமைந்துள்ளன. ஓங்கித் தட்டினால் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சில மில்லி விநாடியாகக் குறையும். மெல்ல அழுத்தினால் அது பல மடங்கு நீளும். கருவியின் உள்ளிருக்கும் செயலி அந்த இடைவெளியைக் கணக்கிட்டு, வெலாசிட்டி எனப்படும் விரல்வேக மதிப்பாக 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணை அளிக்கிறது; 1983இல் வழக்குக்கு வந்த மிடி என்னும் கருவித் தொடர்பு முறை இந்த எண்ணையே பயன்படுத்துகிறது. சத்தமாக ஒலிப்பது, மென்மையாக ஒலிப்பது, ஒலிக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் இவ்விரண்டு தொடுகைகளின் நேரத்தையே சார்ந்திருப்பதால், முதல் தொடுகை அழுக்கினால் தாமதமானால் இடைவெளி சுருங்கி, மெல்லத் தொட்டாலும் கட்டை அலறும்; இரண்டாவது தாமதமானால் இடைவெளி நீண்டு, ஓங்கி அடித்தாலும் முனகும்; இரண்டாவது முற்றிலும் படாமல் போனால் ஒலியே எழாது. ஒரே அழுத்தலுக்கு ஒலி இரண்டு முறை கேட்டால், பொட்டு தடத்தின் மேல் படிவதற்குள் இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்று கொள்ள வேண்டும்.

61 கட்டைகள் உள்ள கருவியில் 122 தொடுகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, கட்டைகளைப் பெரும்பாலும் எட்டெட்டாகப் பிரித்து, வரிசையும் நிரலுமாகப் பின்னிய கட்டத்தில் இணைத்துவிடுவர். மின்சாரம் எதிர்த்திசையில் ஓடாமல் தடுக்க ஒவ்வொரு தொடுகையோடும் டையோடு என்னும் ஒருவழிக் கூறு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். இந்தக் கட்ட அமைப்பை நினைவில் இருத்தினால், அழுக்கால் வந்த பழுதையும் கம்பி வழியில் வந்த பழுதையும் கருவியைத் திறக்காமலே பிரித்தறியலாம்.

திறப்பதற்கு முன்

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, பழுது உண்மையில் கட்டையில்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பிரிக்கப்பட்ட கருவிகளில் கணிசமானவை நல்ல கருவிகளாகவே இருந்திருக்கின்றன. எல்லாக் கட்டைகளும் ஒரே அளவில் சத்தமாக ஒலித்தால், தொடு உணர்வு அமைப்பு நிலையான மதிப்புக்கு மாற்றப்பட்டிருக்கலாம். எந்தக் கட்டையும் ஒலிக்காமல், பதிவுசெய்த தாளம் மட்டும் ஒலித்தால், லோக்கல் கன்ட்ரோல் என்னும் அமைப்பு அணைந்திருக்கக்கூடும். அது அணைந்த நிலையில் கட்டைகள் வெளிக்கருவிகளுக்கு மட்டுமே செய்தி அனுப்பும். எழும் ஒலி எதுவும் நிற்காமல் நீண்டுகொண்டே போனால் காலால் மிதிக்கும் சஸ்டெயின் பெடலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கருவிக்குச் சுவிட்சு போடும் நேரத்தில் பெடல் மிதிபட்டிருந்தாலும், வேறு நிறுவனத்தின் பெடலை மாட்டியிருந்தாலும் அதன் செயல் தலைகீழாக மாறி இத்தகைய விளைவு ஏற்படுவதுண்டு.

இவற்றில் எதுவும் காரணமில்லை என்று தெளிந்தபின், கருவியை யூஎஸ்பி கேபிளால் கணினியிலோ, ஓடிஜி இணைப்பியின் வழியாகக் கைப்பேசியிலோ மாட்டி, வரும் மிடி செய்திகளைத் திரையில் காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்துவைத்து, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒவ்வொரு கட்டையையும் மெல்ல ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை என்று அழுத்திப் பார்க்க வேண்டும். 61 கட்டைக் கருவியில் சுர எண்கள் 36இல் தொடங்கி 96இல் முடியும். 76 கட்டையில் 28 முதல் 103 வரையும், 88 கட்டையில் 21 முதல் 108 வரையும் அமையும். மெல்ல அழுத்தியும் 127 காட்டும் கட்டை, ஓங்கி அழுத்தியும் 30ஐத் தாண்டாத கட்டை, எண்ணே காட்டாத கட்டை ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். காது ஏமாறும் இடங்களிலும் எண் ஏமாறுவதில்லை. மேடையில் வாசிப்பவர் தம்மை அறியாமலே பழுதான கட்டையை விரலால் சரிக்கட்டி வாசிக்கப் பழகியிருப்பார் என்பதால், அவர் சொல்லும் பட்டியலை விடத் திரையில் கிடைக்கும் பட்டியல் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும்.

அந்தத் தாளில் புலப்படும் ஒழுங்கே நோயின் குறி. பழுதுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அது அழுக்கு. ஒரு பாடகருக்கே தொடர்ந்து வாசிக்கும் கருவியில், அவருடைய சுருதிக்குரிய நடு எண்மக் கட்டைகளில் மட்டும் பழுது குவிந்திருந்தால் அது தேய்மானமும் வியர்வையும். எட்டாவது, பதினாறாவது, இருபத்துநான்காவது என்று சம இடைவெளியில் கட்டைகள் ஊமையாகியிருந்தாலோ, அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் ஒருசேர ஊமையாகியிருந்தாலோ அங்கே துடைத்துப் பயனில்லை. ரிப்பன் கேபிளின் ஒரு கம்பியோ, அது செருகப்படும் இணைப்பியோ, பலகையின் ஒரு தடமோ அறுந்திருக்கிறது. ஒன்றை அழுத்தினால் தொடர்பில்லாத மற்றொன்றும் சேர்ந்து ஒலித்தால் டையோடு ஒன்று பழுதடைந்திருக்கலாம். இக்கடலோரத்தில் அதைவிட மிகுதியாகக் காணப்படும் காரணம், இரு தடங்களுக்கு இடையே ஈர உப்பு பாலம் போட்டிருப்பது.

கழற்றுதல்

வொர்க்ஸ்டேஷனில் வாசிப்பவர் அமைத்துவைத்த ஒலிகளும் தாளங்களும் பல ஆண்டு உழைப்பாக இருக்கக்கூடும் என்பதால், முதல் வேலையாக அவற்றை யூஎஸ்பி நினைவகத்திலோ, பழைய கருவியாயின் பிளாப்பி வட்டிலோ நகலெடுத்துவிட வேண்டும். 1990களின் கருவிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் லித்தியம் பொத்தான் பேட்டரியே நினைவைக் காத்துவருகிறது. அதை அசைத்தால் அனைத்தும் அழிந்துபோகும்.

வெளி அடாப்டரில் இயங்கும் கருவியைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. 230 வோல்ட் மின்சாரம் நேரடியாக உள்ளே செல்லும் கருவியிலோ, மின்வழங்கிப் பகுதியின் கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும் ஆதலால், அரை மணி நேரம் பொறுத்திருந்து, அதன்பின்னும் அப்பகுதியைத் தொடாமல் வேலை செய்வதே முறை. கருவியைக் கவிழ்க்கும்போது சுருதியை வளைக்கும் ஜாய்ஸ்டிக்கின் மீதும் குமிழ்களின் மீதும் எடை விழாதபடி, மடித்த ஜமுக்காளத்தையோ தலையணையையோ இரு முனைகளிலும் முட்டுக் கொடுக்க வேண்டும். அடிப்பலகையில் நாற்பது திருகுகள் வரை இருக்கலாம். நீளத்தில் வேறுபடும் அவற்றை இடம் மாற்றிப் பூட்டினால், நீளத் திருகு மேற்பலகையைத் துளைத்து வெளியே தலைகாட்டும். ஓர் அட்டையில் அடிப்பலகையின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் எடுத்த இடத்திலேயே குத்திவைத்தால் இக்குழப்பம் நேராது. ரிப்பன் கேபிளை எடுப்பதற்கு முன் அதன் நிறக்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. அதைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், இணைப்பியின் பூட்டைத் தூக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

கட்டைகள் கருவிக்குக் கருவி வெவ்வேறு வகையில் பொருத்தப்பட்டிருக்கும். விலைகுறைந்த கருவிகள் பலவற்றில் ஓர் எண்மத்தின் கட்டைகள் தனித்தனியாக இல்லாமல் மூன்று கொத்துகளாக வார்க்கப்பட்டிருக்கும். ச-க-ப-நி நான்கும் ஒரு கொத்து, ரி-ம-த மூன்றும் ஒரு கொத்து, கறுப்புக் கட்டைகள் ஐந்தும் ஒரு கொத்து என்ற முறையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒரே கட்டை உடைந்தாலும் கொத்து முழுவதையும் மாற்ற வேண்டிவரும். உயர்வகை வொர்க்ஸ்டேஷன்களில் கட்டைகள் தனித்தனியாக, பின்புறத்தில் கம்பிச்சுருளோடு அமைந்திருக்கும். அச்சுருள் தெறித்துக் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு என்பதால், ஒரு கையால் அதை மூடிக்கொண்டே மறு கையால் கட்டையைப் பின்னுக்குத் தள்ளித் தூக்க வேண்டும். தொடுகைப் பலகையை அடிப்புறமாகவே கழற்ற முடிகிற கருவியில் கட்டைகளை அசைக்கவே தேவையில்லை. எனவே, எல்லாவற்றையும் பிரித்துப்போடுவதற்கு முன்பு அந்த வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது வேலையில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும்.

துடைத்தல்

கீபோர்டு பழுதுபார்ப்பைப் பற்றிய பொதுவான வழிகாட்டிகள் யாவும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கச் சொல்கின்றன. எண்ணெய், வியர்வைப் பிசுக்கு, விரலழுக்கு ஆகியவற்றை அது நன்றாகவே கரைக்கும். ஆனால், 99 விழுக்காடு தூய்மையான ஆல்கஹாலில் உப்பு ஏறத்தாழக் கரைவதே இல்லை. மணப்பாட்டில் ஒரு வாரம் மேடையில் கிடந்து வந்த கருவியை ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால், பிசுக்கு நீங்கி உப்பு அப்படியே தங்கிவிடும். அன்று மாலை எல்லாக் கட்டைகளும் பேசும், அடுத்த மழைக்காலத்தில் அதே கட்டைகள் மீண்டும் ஊமையாகும். வேலை சரியாகச் செய்யப்படவில்லை என்று பழுதுபார்த்தவரின் மேல் பழி விழுவதும் இதனாலேயே. உப்பு நீரில்தான் கரையும்; எனவே இப்பகுதியில் முதலில் நீர், பிறகு ஆல்கஹால் என்ற வரிசையை மாற்றக்கூடாது.

அந்த நீர் குழாய் நீராகவோ ஆழ்குழாய்க் கிணற்று நீராகவோ இருக்கலாகாது. திருச்செந்தூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரே பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதை இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதுமானது. ஆல்கஹாலுக்குப் பதிலாகக் கைக்கழுவும் சானிடைசரைப் பயன்படுத்துவோரும் உளர். அதில் தோல் வறளாமலிருக்கக் கிளிசரின் சேர்க்கப்பட்டிருப்பதால், காய்ந்தபின் பிசுபிசுப்பு தங்கி, தூசியை முன்னைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். தின்னர், பெட்ரோல் ஆகியவை பிளாஸ்டிக்கையும் கார்பன் பூச்சையும் கரைத்துவிடும் என்பதால் அவற்றை அருகிலும் வைத்துக்கொள்ளலாகாது.

ரப்பர் பட்டையின் அடியில் சிறிய காம்புகள் இருக்கும்; அவை பலகையின் துளைகளில் நுழைந்து பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பட்டையை ஒரு முனையிலிருந்து இழுத்து உரிக்காமல், ஒவ்வொரு காம்பாக மெல்லத் தூக்கி எடுக்க வேண்டும். காம்பு அறுந்தால் அவ்விடத்தில் பட்டை மேடாக நின்று, கட்டை இருமுறை ஒலிக்கும் புதிய பழுது உண்டாகும். எடுத்த பட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், நல்ல கார்பன் பொட்டு மங்கிய கறுப்பாகவும், பழுதான பொட்டு பளபளப்பாகவோ நடுவில் சாம்பல் நிற வளையத்துடனோ காணப்படும். பலகையில், சீப்புப் பற்களின் ஓரத்தில் பச்சை நிறம் படர்ந்திருந்தால் செம்பு அரிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெண்ணிறத்தில் மாவு போன்ற படிவு இருந்தால் அது பெரும்பாலும் உப்பாக இருக்கும், சிலவேளை திருநீறாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எளிது: ஒரு சொட்டு நீர் விட்டால் உப்பு மறைந்துவிடும், திருநீறு சேறாகும்.

பலகையை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான தூரிகையால், ஒரே திசையில், நீரை இருமுறை மாற்றித் தேய்க்க வேண்டும். அதன்பின் பஞ்சு முனையில் ஆல்கஹாலைத் தொட்டு ஒவ்வொரு சீப்புத் தடத்தையும் துடைக்க வேண்டும். பஞ்சு இழை பற்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் என்பதால், இழை பிரியாத கண்ணாடி துடைக்கும் துணி இருந்தால் அதுவே மேல். உப்புத்தாளும் அழிரப்பரும் இங்கு வேண்டாம். தடத்தின் மேலுள்ள கார்பன் அல்லது தங்கப் பூச்சு மிக மெல்லியது, அதைச் சுரண்டிவிட்டால் அடியிலுள்ள செம்பு அடுத்த மழையிலேயே பச்சையாகிவிடும். பட்டையை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு மட்டும் விட்டு அலசி, வேறு டிஸ்டில்டு வாட்டரில் மீண்டும் அலசி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரவிட வேண்டும். சித்திரை வெயிலில் மாடியில் காயப்போட்டால் பட்டை நெளியும். பொட்டுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வதைத் தவிர்த்து, வெள்ளைத் தாளின் மேல் ஒருமுறை மெதுவாக ஒற்றி எடுத்தாலே போதும்.

துடைத்த பிறகும் ஐயம் இருந்தால் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். சீப்பின் இரு தடங்களிலும் மீட்டரின் முனைகளை வைத்து, பொட்டை விரலால் அழுத்தினால், நல்ல பொட்டு பொதுவாகச் சில நூறு ஓமுக்குள் மின்தடையைக் காட்டும். பல ஆயிரம் ஓம் காட்டும் பொட்டு தேய்ந்துவிட்டது. கருவிக்குக் கருவி இந்த அளவு மாறும் ஆதலால், பழுதில்லாத கோடிக் கட்டை ஒன்றின் மதிப்பை முதலில் எடுத்துக்கொண்டு அதனோடு ஒப்பிடுவதே நம்பத்தக்கது. தேய்ந்த பொட்டின்மேல் பென்சிலால் கிறுக்கிவிடும் வழக்கம் ஒரு கச்சேரியைக் கடத்த உதவும். அந்தக் கரித்தூள் உதிர்ந்து பக்கத்துத் தடங்களில் விழும் என்பதால் அதை வைத்தியம் என்று கருத இயலாது. பட்டையை மாற்றுவதே தீர்வு. அதிலும் ஒரு தந்திரம் உண்டு: மிகுதியாக வாசிக்கப்படும் நடுப்பட்டையையும் ஏறக்குறையத் தொடப்படாத கோடிப் பட்டையையும் இடம் மாற்றிப் போட்டால், இரண்டும் ஒரே வார்ப்பாக இருக்கும் கருவிகளில், புதிய பட்டை வந்து சேரும்வரை சமாளிக்கலாம். வலக்கோடிப் பட்டையில் கடைசிக் கட்டைக்காகப் பதின்மூன்றாவது குமிழிணை இருப்பின் அதை மாற்றிப்போட முடியாது.

பட்டையைத் திரும்பப் பொருத்தும்போது காம்புகளை மழுங்கிய பல்குத்தியால் துளைக்குள் அழுத்தி, பட்டை எங்கும் மேடின்றிப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காகப் பட்டையின் அடியில் மெல்லிய வாய்க்கால்கள் இருக்கும். அவை அடைபட்டால் கட்டை மந்தமாக எழும். பசை எதையும் தடவலாகாது.

வெள்ளம் புகுந்த கருவி

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பதிவாகி, தாமிரவருணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் உள்ளிட்ட ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வாறான வெள்ளத்தில் நனைந்த கருவியை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுவிட்சு போடுவதே அதற்கு இழைக்கப்படும் பெருந்தீங்கு. நீரோடு மின்சாரம் சேரும்போது செம்பு அரிக்கும் வேகம் பன்மடங்காகி, நாள்கணக்கில் நடக்க வேண்டிய சேதம் நிமிடங்களில் நடந்துவிடும். பேட்டரிகளை உடனே எடுத்துவிட்டு, வண்டல் காய்ந்து இறுகுவதற்கு முன்பே கருவியைத் திறந்து, தொடுகைப் பலகையையும் பட்டைகளையும் நல்ல நீரில் கழுவி, அதன்பின் டிஸ்டில்டு வாட்டர், ஆல்கஹால் என்ற வரிசையில் மேற்கூறியபடி செய்ய வேண்டும். கட்டைகளும் தொடுகைப் பலகையும் இம்முறையில் பெரும்பாலும் மீளும். மின்வழங்கிப் பலகையும், நெருக்கமான கால்கள் கொண்ட சில்லுகள் அமைந்த தாய்ப்பலகையும் வீட்டில் தொடத்தக்கவை அல்ல. அவற்றை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே சிக்கனமும் ஆகும்.

சுருள், ஃபெல்ட், பசை

அழுத்திய கட்டை எழாமல் கிடந்தால், பெரும்பாலும் உள்ளே ஏதோ விழுந்திருக்கும்: நாணயம், கொண்டை ஊசி, தீக்குச்சி, மேடையில் வெடித்துத் தூவும் வண்ணத்தாள். கம்பிச்சுருள் துருப்பிடித்து அறுந்திருந்தால் அதே நீளமுள்ள சுருளையே போட வேண்டும்; வேறொன்றை இழுத்து நீட்டிப் போட்டால் அந்தக் கட்டை மட்டும் விரலுக்கு வேறு கனமாகத் தெரியும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடும் பழக்கத்தை இங்கே குறிப்பிட்டுக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் ஓரிரு வாரங்களில் வழிந்து ரப்பர் பட்டையின் அடியில் சென்று சேரும். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கன் கிரீஸை, கட்டை உரசும் வழிகாட்டி முனையில் மட்டும், தடவியது தெரியாத அளவுக்குத் தடவினால் போதும். கட்டை எழும்போதும் விழும்போதும் டக் டக்கென்று ஒலித்தால் ஃபெல்ட் என்னும் கம்பளிப் பட்டை நைந்திருக்கும், அல்லது அதன் பசை வெப்பத்தில் விட்டிருக்கும். கட்டை கீழிறங்கும் ஆழமாகிய ஏறத்தாழ 10 மில்லிமீட்டரை நிர்ணயிப்பது இந்தப் பட்டையின் தடிமனே ஆதலால், புதியது பழையதன் தடிமனையே கொண்டிருக்க வேண்டும்.

பழைய கருவிகளை இரண்டாம் விலைக்கு வாங்குவோர் அறியவேண்டிய தனிப்பழுது ஒன்று உண்டு. ரோலண்டு நிறுவனத்தின் யூ-20, டி-70, 1991இல் வெளிவந்த ஜேடி-800 ஆகியவற்றில், கட்டைக்குக் கனம் சேர்ப்பதற்காக அதன் அடியில் ஒட்டிய உலோகத் துண்டின் சிவப்புநிறப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இளகி, கீழே வழிந்து, தொடுகைப் பலகை வரை இறங்குகிறது; வெப்பம் மிகுந்த ஊர்களில் அது விரைந்து நிகழும். கட்டைகளின் இடுக்கில் டார்ச்சு அடித்துப் பார்த்துச் சிவப்பாக ஏதேனும் தென்பட்டால் விலையை அதற்கேற்பப் பேச வேண்டும். அப்பசையைக் கரைக்கக் காஸ்டிக் சோடாக் கரைசல் பயன்படுகிறது. அது கண்ணையும் தோலையும் பொசுக்கும் பொருள் ஆதலால் பழக்கமில்லாதவர் அதில் இறங்கலாகாது.

பூட்டிய பிறகு

எல்லாத் திருகுகளையும் முடுக்கிவிட்டுச் சோதிப்பதைவிட, தொடுகைப் பலகையையும் ரிப்பன் கேபிளையும் பொருத்தியவுடன், அடாப்டரில் இயங்கும் கருவியாக இருந்தால், மேற்பலகையைத் தளர்வாக வைத்துக்கொண்டே மிடி எண்களை மீண்டும் எடுத்து முன்பு எழுதிய தாளோடு ஒப்பிட வேண்டும். மின்சாரம் நேரே உள்ளே செல்லும் கருவியை முழுதும் மூடிய பின்னரே சோதிக்க வேண்டும். முன்பு நன்றாக இருந்த கட்டை இப்போது பேசாவிட்டால் பெரும்பாலும் ஒரு காம்பு துளையில் இறங்கவில்லை. அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் பேசாவிட்டால் ரிப்பன் கேபிள் கோணலாகச் செருகப்பட்டிருக்கிறது.

கடலோர மேடையிலிருந்து திரும்பிய கருவியை உறையில் போட்டு மூடுவதற்கு முன்பு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் கட்டைகளைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்துவிட்டால், உப்பில் ஒரு பங்கு வெளியிலேயே நின்றுவிடும். பாலித்தீன் தாளால் சுற்றிவைப்பது உப்பைத் தடுத்தாலும் ஈரத்தைச் சிறைப்படுத்தும். துணியுறையோடு ஜிப் வைத்த பையும், அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்தும் இருப்பது ஏற்றது. நிறம் மாறும் வகை ஜெல் ஈரத்தைக் குடித்து நிறம் மாறியதும் அதை வாணலியில் மிதமான சூட்டில் வறட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஐப்பசி முதல் மார்கழி வரை இதை மாதம் இருமுறை செய்ய வேண்டியிருக்கும்.